பத்தாயத்துக்குப் பின்னால் இருந்த துப்பாக்கி

வேர்க்கிளம்பி பக்கத்தில் சித்தப்பா வீட்டுப் பத்தாயத்தைப் பிரித்தபோதுதான் அது வெளியே வந்தது. வயல் எல்லாம் வாழையும் ரப்பருமாக மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நெல் போட ஆள் இல்லாத பத்தாயம் அறையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே கடத்தினோம். கடைசிப் பலகைக்கும் சுவருக்கும் இடையில், மக்கிப்போன சாக்குக்குள் ஒரு நீளமான துப்பாக்கி சாய்ந்து நின்றது. ஆள் தோள் உயரம் இருக்கும். குழல் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. அடிக்கட்டையின் கழுத்தில் செம்புத் தகடு சுற்றியிருந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மரத்தைக் கரையான் தின்றிருந்தது.

"வேலுத்தம்பி தளவாய் காலத்துத் துப்பாக்கின்னு பாட்டா சொல்லுவாரு" என்றார் சித்தப்பா. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்த திருவிதாங்கூர் திவான்தான் வேலுத்தம்பி. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு படி மேலே போய், "டிலனாய் துப்பாக்கியாக்கும்" என்றார். உதயகிரிக் கோட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு டிலனாய் பெயர் வராமல் இருக்காது. குளச்சல் போரில் பிடிபட்டு, மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கிய அந்த டச்சு அதிகாரியின் கல்லறை புலியூர்க்குறிச்சிக் கோட்டைக்குள்தான் இருக்கிறது.

எனக்கு லேத் பட்டறையில் இருபது வருஷ அனுபவம். இரும்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனாலும் அன்று துப்பாக்கியைத் தொடும் முன்னால் ஒரு காரியம் செய்தேன். வாய் வழியாக மருந்து போடும் பழைய துப்பாக்கிகளில் கடைசியாகப் போட்ட மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே கிடக்க வாய்ப்பு உண்டு. கருமருந்து நூறு வருஷம் ஆனாலும் ஈரம் படாமல் இருந்தால் தீப்பிடிக்கும். அதனால் ஒரு மெல்லிய மூங்கில் கம்பை வாய் வழியாக மெதுவாக உள்ளே விட்டு, அது நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு கம்பை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தேன். அடிவரை போகவில்லை. கிட்டத்தட்ட 20 செண்டிமீட்டருக்கு முன்னாலேயே நின்றிருந்தது. உள்ளே என்னமோ இருக்கிறது.

அதற்கு மேல் கை வைக்கவில்லை. வாய்ப்பக்கம் வெளிச்சுவரைப் பார்க்கும்படி படுக்க வைத்து, அறையைப் பூட்டிவிட்டு, மறுநாள் காலையில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். ஆயுதம் பார்க்கத் தெரிந்தவர் வந்து பார்த்தார். கேப், அதாவது அடித்தால் வெடித்து மருந்துக்குத் தீ கொடுக்கும் சின்னச் செம்பு மூடி, பொருத்தும் துளையில் பித்தளையை உருக்கி ஊற்றி அடைத்திருந்தது. குழலுக்குள் ஓர் இரும்புக் கட்டையை அடித்து இறக்கி, பக்கவாட்டில் ஆணி போட்டு, ஆணித் தலையை அரத்தால் ராவி மட்டமாக்கியிருந்தார்கள். என் மூங்கில் கம்பு முட்டியது அந்தக் கட்டையில்தான். எப்போதோ யாரோ இதை நிரந்தரமாக ஊமையாக்கியிருக்கிறார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கு 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் சுட முடியுமா முடியாதா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. எழுத்தில் வாங்கி வைத்த பிறகுதான் என் பட்டறைக்குத் தூக்கி வந்தேன். உங்கள் வீட்டு மச்சில் இப்படி ஒன்று கிடைத்தால் தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம்தான் நான் தப்பு செய்தேன்.

முதல் நாள் மாலையே ஆர்வம் தாங்காமல் 120 நம்பர் உப்புத்தாளை எடுத்து அடிக்கட்டையின் வலப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். கறுத்த அழுக்குக்குக் கீழே நல்ல பழுப்பு மரம் தெரிந்தது. ஐந்து நிமிஷம் தேய்த்திருப்பேன். விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, தேய்த்த இடத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. அது கீறல் இல்லை, அச்சு வைத்து அடித்த எண். மலையாள எழுத்தில் 7. அதற்கு முன்னால் இன்னும் இரண்டு எண்கள் இருந்திருக்கின்றன. அவற்றின் மேல்தான் என் உப்புத்தாள் ஓடியிருந்தது.

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர் சர்க்கார் காகிதம் பெரும்பாலும் மலையாளம்தான். எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் அந்த எண்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! மலையாள எண் போட்டு, ஏதோ ஒரு வரிசையில் தன் இடத்தில் நின்ற துப்பாக்கி இது. அந்த இடம் எது என்று சொல்லக்கூடிய மூன்று எண்களில் இரண்டை நான் ஐந்தே நிமிஷத்தில் அழித்துவிட்டேன். மரத்தில் அச்சு அடிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள நாரும் அமுங்கியிருக்கும். அதனால் மேலே தேய்ந்தாலும் கீழே கொஞ்சம் தடம் மிஞ்சும். டார்ச்சைக் கிட்டத்தட்ட மரத்தோடு படுக்க வைத்து, நான்கு திசையிலிருந்தும் ஒளி விட்டுப் படம் எடுத்தேன். நடு எண் 4 போலத் தெரிகிறது. முதல் எண் போனது போனதுதான். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. தொடும் முன்னால் ஒவ்வொரு அங்குலத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதை அந்த இழப்பில்தான் கற்றுக்கொண்டேன். உப்புத்தாளை மறுநாளே பட்டறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இந்த வேலை முடியும்வரை அது திரும்பி வரவில்லை.

சரி, இது எந்தக் காலத்துத் துப்பாக்கி? பாட்டா சொன்ன கதையைத் துப்பாக்கியின் குதிரையே, அதாவது விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் பாகமே, மறுத்துவிடுகிறது. 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவரைக் கம்பெனிப் படை பிடித்தபோது இரண்டு பக்கமும் பெரும்பாலும் வைத்திருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள். குதிரையின் வாயில் கல் இருக்கும். அது இரும்பில் உரசிப் பொறி விழும். எங்கள் துப்பாக்கியில் குதிரையின் தலை சுத்தியல் மாதிரி இருக்கிறது, நடுவில் குழிவு. செம்புக் கேப்பை ஓங்கி அடிப்பதற்கான தலை அது. பிரிட்டிஷ் படை கேப் முறைக்கு மாறத் தொடங்கியதே 1830களின் கடைசியில்தான். வேலுத்தம்பிக்கு இது முப்பது வருஷம் பிந்தியது. 1741இல் குளச்சலில் நடந்ததற்கு இன்னும் எவ்வளவோ பிந்தியது.

டேப்பும் வெர்னியரும் எடுத்தேன். மொத்த நீளம் 140 செண்டிமீட்டர், குழல் 99. மூன்று பூண்கள். எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதெல்லாம் 1853ஆம் வருஷ மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் கணக்கு. 1857 கலகத்துக்கு முன்னால் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தத் தோட்டா இந்த மாதிரி ரைபிளுக்காக வந்ததுதான். ஆனால் அந்த ரைபிளின் துளை 0.577 அங்குலம், அதாவது 14.7 மில்லிமீட்டர். என் வெர்னியர் 16.6 காட்டியது. மூன்று தடவை அளந்தேன், மாறவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் புரி இல்லை. என்ஃபீல்டு ரைபிளில் குண்டைச் சுழலவிட மூன்று புரிகள் உண்டு. இதில் வழவழவென்று வெறும் குழாய். பின்பக்கக் குறி பார்க்கும் சைட்டும் ஏணி மாதிரித் தூக்கி வைக்கும் வகை இல்லை. ஒரே ஒரு வெட்டு உள்ள சின்னக் கட்டி, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 1857க்குப் பிறகு பிரிட்டிஷார் இந்தியச் சிப்பாய் கையில் ரைபிள் கொடுக்கப் பயந்தார்கள். வெளியே பார்க்க என்ஃபீல்டு மாதிரியே இருக்கும், ஆனால் புரி இல்லாமல் துளை 0.656 அங்குலமாக அகன்ற துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தார்கள். முதலில் ரைபிள் குழலையே குடைந்து பெரிதாக்கினார்கள். சுவர் மெலிந்து போனதால் பிறகு தடித்த குழலாகவே புதிதாகச் செய்தார்கள். ரைபிளில் 900 கெஜம் வரை குறி பார்க்க அளவு போட்டிருக்கும். இந்த வழவழக் குழலில் 100 கெஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தோற்றத்தில் ஒன்று, திறனில் வேறொன்று. அந்த 1.9 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் ஓர் அரசாங்கத்தின் பயம் முழுவதும் இருக்கிறது. வெர்னியரைக் கீழே வைத்துவிட்டு நான் ரொம்ப நேரம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத் தகட்டில் மண்ணெண்ணெய் தொட்ட துணியை வைத்து எடுத்தபோது கிரீடமும் அதற்குக் கீழே வி.ஆர். என்று விக்டோரியா ராணியின் முத்திரையும் வந்தன. முன்பக்கம் டவர் என்ற சொல், லண்டன் டவர் ஆயுதக் கிடங்கைக் குறிப்பது. அதற்கு மேலே வருஷம்: 186 வரை படிக்க முடிகிறது. நான்காவது எண்ணைத் துரு தின்றுவிட்டது. 1860களின் ஏதோ ஒரு வருஷம். சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு, "அப்படின்னா கலகத்துக்குப் பயந்து செஞ்ச துப்பாக்கியா? அதுவும் நல்ல கதைதானே மக்கா" என்றார்.

கழற்றுவதற்கே ஒரு வாரம் ஆனது. அந்தக் காலத்து ஸ்குரூத் தலையின் வெட்டு ரொம்ப மெல்லியது. கடையில் வாங்கும் ஸ்குரூடிரைவர் ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும். வெட்டின் அடிவரை இறங்காமல் மேலேயே நின்று, திருகினால் வழுக்கி ஓரத்தைப் பிய்த்துவிடும். பழைய ஸ்குரூடிரைவர் மூன்றைக் கிரைண்டரில் பிடித்து, ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் தனித்தனியாக இரண்டு பக்கமும் இணையாக இருக்கும்படி தேய்த்துக்கொண்டேன். மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்து, காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்றாம் நாள், சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்குரூத் தலையில் ஐந்து நிமிஷம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டேன். சூட்டில் ஸ்குரூ விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி உடையும். ஐந்தாம் நாள் முதல் ஸ்குரூ 'கிர்ர்' என்று ஓர் ஓசை கொடுத்து அசைந்தது. அந்த ஓசை கேட்டவனுக்குத்தான் தெரியும் அதன் சந்தோஷம்.

பக்கத் தகட்டை வெளியே எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடுக்கில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் மரத்தின் ஓரம் சில்லுச் சில்லாகப் போய்விடும். குதிரையைப் பாதி தூக்கி வைத்து, எதிர்ப்பக்கத்து இரண்டு ஸ்குரூவையும் நாலைந்து சுற்றுத் தளர்த்தி, அந்தத் தலைகளின் மேல் மரச் சுத்தியலால் மாறி மாறி லேசாகத் தட்டினேன். தகடு தானாக எழும்பி வந்தது. உள்ளே பெரிய ஸ்பிரிங் உயிரோடு இருந்தது! ஒரு நூற்றாண்டுக்கு மேல் சுருங்கிக் கிடந்தும் அதன் வலு போகவில்லை. இந்த ஸ்பிரிங்கைக் கையால் பிடுங்கினால் விரல் போகும், இல்லையென்றால் ஸ்பிரிங் உடையும். அதற்கென்று ஒரு சின்னப் பிடி நானே செய்தேன். குதிரையை முழுவதும் தூக்கி வைத்து, அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடியால் இறுக்கி, குதிரையை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கழன்று வரும். உள்ளே இருந்த உருப்படிகளில் சின்னச் சின்ன அரக்கோடுகள் இருந்தன. கையால் ராவிப் பொருத்திய பாகங்கள் வேறு துப்பாக்கியின் பாகத்தோடு கலந்துவிடாமல் இருக்கத் தொழிலாளி போட்டுக்கொண்ட அடையாளம் அது. என் பட்டறையிலும் பம்ப் பிரிக்கும்போது சென்டர் பஞ்சால் இப்படித்தான் புள்ளி வைத்துக்கொள்வோம்.

மூன்று பூண்களையும் தளர்த்தி, குழலை மரத்திலிருந்து தூக்கினேன். மேல்பக்கம் செங்கல் நிறமாக இருந்த அதே குழல், மரத்துக்குள் இருந்த அடிப்பக்கத்தில் பல இடங்களில் இன்னும் கருநீலமாக இருந்தது. கேப் வெடிக்கும் இடத்தைச் சுற்றித்தான் குழி அதிகம். கேப்புக்குள் இருந்த ரசாயனம் வெடித்த பிறகு உப்பு மாதிரி ஒரு படிவை விட்டுப் போகும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். இரண்டு மழைக்காலமும் கடல் காற்றும் உள்ள நம் ஊரில் கேட்க வேண்டுமா?

துரு எடுக்க ஆசிட் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். ஆசிட் துருவோடு சேர்த்து மிச்சமிருந்த கருநீலத்தையும் முத்திரைகளின் கூர்மையையும் தின்றுவிடும். அதற்குப் பதில் கொதிக்க வைத்தேன். சிவப்புத் துருவைச் சுத்தமான தண்ணீரில் கொதிக்க வைத்தால் அது கறுப்பு ஆக்சைடாக மாறும். சிவப்பு பொரிந்து பரவிக்கொண்டே இருக்கும். கறுப்பு இரும்போடு ஒட்டிக்கொண்டு அடங்கி நிற்கும். தகட்டில் 115 செண்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி வெல்டு பண்ணினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு, அதனால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இரண்டு கேன் வாங்கினேன். முற்றத்தில் கல் கூட்டி, கதம்பையும் சிரட்டையும் போட்டுத் தீ மூட்டினேன். குழலை அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் ஆக்கி, தொட்டியில் இறக்கி அரை மணி நேரம் கொதிக்க விட்டேன். செங்கல் நிறம் கண்ணெதிரே கருகி வந்தது. எடுத்த உடனே வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் சூட்டிலேயே தண்ணீர் வற்றிவிடும். மேலே தூளாக நிற்கும் கறுப்பை மிக நைசான ஸ்டீல் வுல்லால், அழுத்தாமல், நீளவாட்டில் எடுத்தேன். இப்படி மூன்று தடவை. கடைசியில் குழல் பழைய வெண்கலச் சிலையின் நிழல் மாதிரி ஒரு கருமைக்கு வந்தது. குழிகள் அப்படியே இருக்கின்றன. இருக்கட்டும்.

அடித்தகடு, விசைக் கூடு, முனை மூடி மூன்றும் பித்தளை. "குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆகிடுமே" என்று அம்மா சொன்னார். புளியும் ஆசிட்தான். சோப்புத் தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினேன். பச்சைக் களிம்பை மட்டும் மூங்கில் சீவலால் சுரண்டி எடுத்தேன்.

மர வேலைக்குத் தக்கலையில் ஒரு வயதான ஆசாரியிடம் போனேன். கரையான் தின்ற இடத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு கழுத்தில் இருந்த செம்புத் தகட்டின் மேல் கட்டைவிரலை வைத்து ரொம்ப நேரம் தடவினார். "இத எடுக்கப் போறியா மக்களே?" என்றார். முதலில் எடுக்கத்தான் நினைத்திருந்தேன். உள்ளே மரம் நெடுகப் பிளந்திருக்கும், அதை ஒட்டி, தகடு இல்லாமல் பழையபடி ஆக்கிவிடலாம் என்பது என் திட்டம். அவர் கட்டையைத் திருப்பி, தகட்டின் ஒரு விளிம்பைக் காட்டினார். மற்ற மூன்று ஓரத்தையும் கை அறுக்காதபடி உள்ளே மடித்திருந்தார்கள். ஒரு விளிம்பு மட்டும் லேசாக உருண்டு வளைந்திருந்தது. "இது பானை வாய். பழைய செம்புப் பானையை வெட்டிக் கன்னான் செஞ்ச வேலையாக்கும். ஆணியப் பாரு, ஒவ்வொண்ணும் தனியா அடிச்சது." ஏழு ஆணிகள். ஒன்றுகூட மரத்தைப் பிளக்கவில்லை.

அந்தத் தகட்டை நான் எடுக்கவில்லை. சீமையில் செய்து கப்பலில் வந்து, மலையாள எண் வாங்கி, எங்கள் ஊர்ப் பக்கம் வந்து கழுத்து முறிந்தபோது அதை நிமிர்த்தியவர் ஓர் உள்ளூர்க் கன்னான், செம்பு வேலை செய்பவர். டவர் முத்திரைக்கு இருக்கும் மரியாதை அந்தப் பானை வாய்க்கும் உண்டு. என் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கரையான் தின்ற இடத்துக்கு மரம் வேண்டும். மூலக் கட்டை வால்நட். அதற்கு நம் பக்கத்தில் எங்கே போவது? தேக்கு போடலாமா என்று கேட்டேன். தேக்கில் எண்ணெய் இருக்கும், வச்சிரம் (தோல், எலும்பு காய்ச்சிச் செய்யும் பசை) சரியாகப் பிடிக்காது என்றார் ஆசாரி. "பத்தாயம் பிரிச்சேன்னு சொன்னியே, அது என்ன மரம்?" அயினி. இந்தக் கடற்கரையில் வள்ளம் செய்வதற்கும் வீட்டு உத்தரத்துக்கும் பயன்பட்ட மரம், கரையான் அவ்வளவு லேசில் தொடாது. மறுநாள் பத்தாயப் பலகையில் ஒரு துண்டைக் கொண்டு போனேன். அழுகிய பாகத்தை மட்டும் இரண்டு முனையிலும் சரிவாக வெட்டி எடுத்து, அயினித் துண்டைக் கச்சிதமாக உட்கார வைத்தார். ஃபெவிகால் வேண்டாம், வச்சிரம் காய்ச்சி ஒட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நாளைக்கு என்னைவிட விவரம் தெரிந்த ஒருவர் கையில் இது போனால், வெந்நீர்த் துணி வைத்து இந்த ஒட்டைப் பிரித்துவிட முடியும். நிறத்தைச் சாயம் போட்டு மறைக்கவும் இல்லை. ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் கண்ணை உறுத்தாது. கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு எது பழசு, எது புதுசு என்று தெரியும்.

மரத்துக்கு ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு. துணியால் மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஆடிச் சாரலில் ஒரு பூச்சு காய நாலு நாள் பிடித்தது. மொத்தம் மூன்று பூச்சு. ஆளி எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். உலோகம் எல்லாவற்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துடைப்பு, அதன் மேல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் நண்பர் கொடுத்த மெழுகை டர்பன்டைனில் கரைத்து ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் போடக் கூடாது. யாரோ முன்பு போட்டிருந்த எண்ணெய் கட்டியாகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்ததை எடுக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

திரும்பப் பூட்டும்போது பெரிய ஸ்பிரிங்கைத் தளர்ந்த நிலையிலேயே விட்டேன், குதிரை எப்போதும் கீழேதான் இருக்கும். பித்தளை அடைப்பையும் இரும்புக் கட்டையையும் தொடவே இல்லை. அவையும் இந்தத் துப்பாக்கியின் வரலாறுதான். சட்டப்படியும் அவை அங்கேயே இருக்க வேண்டும்.

இப்போது அது சித்தப்பா வீட்டில், பத்தாயம் இருந்த அதே சுவரில், இரண்டு மர முளைகளின் மேல் கிடக்கிறது. சுவரில் படாமல் மூன்று விரல் இடைவெளி விட்டிருக்கிறோம். சாக்கு, தோல், பிளாஸ்டிக் எதையும் சுற்றவில்லை. எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. வருகிறவர்களிடம் சித்தப்பா கிரீட முத்திரையைக் காட்டுகிறாரோ இல்லையோ, செம்புத் தகட்டின் உருண்ட விளிம்பை விரல் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்கிறார். ஐப்பசி மழை ஓய்ந்ததும் போய்ப் பார்த்தேன். நடுப் பூணுக்குக் கீழே கடுகு அளவில் ஒரு சிவப்பு. எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெழுகு வைத்து, தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்துவிட்டு வந்தேன்.